தனலட்சுமி யார்? நீலகிரியில் கிளைத்த ஒரு குடும்பமும் பதிவேடுகளின் அரசியலும்

தமிழகத் தலித் அரசியலின் முதல் தலைமுறையைப் பற்றிப் பேசும்போது நாம் இரு பெயர்களைத் தவறாமல் சொல்கிறோம். ஒருவர் பண்டிதர் அயோத்திதாசர். மற்றவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன். ஒருவர் பௌத்தத்தை மீட்டெடுத்தவர், ‘தமிழன்’ இதழை நடத்தியவர். மற்றவர் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவர், இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நம் மக்களுக்காக வாதாடியவர். இருவரின் சிந்தனைக்கும் இடையிலான ஒற்றுமை வேற்றுமைகளைப் பற்றிக் கட்டுரைகளும் ஆய்வேடுகளும் எழுதப்பட்டுள்ளன, கருத்தரங்குகள் நடத்தப்பட்டுள்ளன.

இவ்விருவரும் மைத்துனர்கள். சீனிவாசனின் உடன்பிறந்தவரான தனலட்சுமி அம்மையாரை அயோத்திதாசர் மணந்தார். பரவலாக வாசிக்கப்படும் வாழ்க்கை வரலாறுகளில் தனலட்சுமிக்குக் கிடைக்கும் இடம் இவ்வளவுதான்: ஒருவரின் தங்கை, மற்றவரின் மனைவி. இரு பெரும் அரசியல் நீரோட்டங்களை ஒரே குடும்பத்துக்குள் இணைத்த பெண், இரு ஆண்களின் வாழ்க்கைக் குறிப்பில் ஒற்றை வரியாக நிற்கிறார்.

இந்த ஒற்றை வரி எவ்வாறு உருவாகிறது, அதனால் இன்று நமக்கு என்ன இழப்பு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இது கடந்த காலத்துக்கு மட்டும் உரிய கேள்வி என்று எவரும் கருத வேண்டியதில்லை. சாதிச் சான்றிதழ் வேண்டி வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கும் தோட்டத் தொழிலாளியின் மகள் எதிர்கொள்ளும் கேள்வியும் இதனோடு நேரடித் தொடர்புடையது.

மலைக்கு ஏன் வந்தார்கள்?

கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். அடுத்த சில ஆண்டுகளில் உதகையில் ஐரோப்பியரின் இல்லங்கள் எழத் தொடங்கின. தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் ஆகியோரின் வாழ்நிலமாக இருந்த மலை, சென்னை மாகாண ஆட்சியாளர்களின் கோடைக்கால இருப்பிடமாக மாறிற்று. வெலிங்டனில் படை முகாம், லவ்டேலில் லாரன்ஸ் பள்ளி, நடுவட்டத்தில் சின்கோனா, பல்வேறு பள்ளத்தாக்குகளில் காபியும் தேயிலையும் என்று ஒரு புதிய பொருளாதாரம் உருவாயிற்று.

அந்தப் பொருளாதாரத்துக்கு உழைப்பு வேண்டியிருந்தது. சமவெளியில் பண்ணை அடிமைத்தனத்திலும் பஞ்சத்திலும் சிக்கியிருந்த ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மலை ஒரு வழியைத் திறந்தது. பாதை வெட்டுவோராகவும் தோட்டக் கூலிகளாகவும் அவர்கள் மலையேறினர். ஐரோப்பியரின் வீடுகளில் பட்லராக, சமையற்காரராக, தோட்டக்காரராக, ஆயாவாக வேலை செய்வதற்கும் அவர்களே தேவைப்பட்டனர். மாட்டிறைச்சி சமைப்பதையும் வெள்ளையர் உண்ட பாத்திரத்தைத் தொடுவதையும் தீட்டாகக் கருதிய சாதி இந்துக்கள் அவ்வேலைகளுக்கு எளிதில் வரவில்லை. எந்தத் தீட்டுக் கோட்பாடு ஊரில் கிணற்றை மறுத்ததோ, அதே கோட்பாடு மலையில் சம்பளத்துக்கு வழிவிட்டது என்பது வரலாற்றின் விந்தை.

அயோத்திதாசரின் குடும்பம் இத்தகைய சூழலிலிருந்து வந்தது. அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பட்லராகப் பணியாற்றியவர். தம் குடும்பத்தில் காக்கப்பட்டிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியைக் கந்தப்பன் அந்தத் துரையிடம் அளித்தார் என்றும், அது எல்லீசின் கைக்குச் சென்றது என்றும் அயோத்திதாசர் தம் இதழில் பதிவு செய்தார். கல்வியே இல்லாதவர்கள் என்று இழிக்கப்பட்ட மக்களின் வீட்டில் குறள் இருந்தது என்பதை நிறுவுவதற்கு அவருக்குக் குடும்ப வரலாறே சான்றாயிற்று.

சீனிவாசனின் குடும்பம் செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள கோழியாளத்தைச் சேர்ந்தது. அவர் கோயம்புத்தூரில் கல்வி கற்றார். நானூறு மாணவருக்கு மேல் படித்த அக்கல்விக்கூடத்தில் ஏறத்தாழப் பத்துப் பேரைத் தவிர மற்றையோர் பார்ப்பனர் என்றும், தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சத்தில் பிற மாணவரோடு பழகாமல் ஒதுங்கியிருந்ததாகவும் 1939இல் வெளியான ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நூலில் அவர் எழுதுகிறார். படிப்பை முடித்தபின் நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பணியாற்றினார். 1890இல் சென்னைக்கு வந்தார்.

ஒரு குடும்பம் பட்லர் வேலையின் வழியாகவும் மற்றொரு குடும்பம் கணக்கர் வேலையின் வழியாகவும் அதே மலையோடு பிணைந்தன. இவ்விரு குடும்பங்களின் சந்திப்பில்தான் தனலட்சுமி நிற்கிறார்.

ஒரு குடும்பம், இரண்டு விடைகள்

அயோத்திதாசர் 1870களில் நீலகிரியில் அத்வைதானந்த சபையை நிறுவினார். அக்காலத்தில் அவர் வைணவ, அத்வைத மரபுகளில் ஊன்றியிருந்தார். பின்னர் ஜான் இரத்தினம் பாதிரியாரோடு இணைந்து இயங்கினார். 1891 டிசம்பர் 1 அன்று திராவிட மகாஜன சபையின் சார்பில் உதகையில் கூட்டப்பட்ட மாநாட்டில் பத்துத் தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன. இழிபெயரிட்டு அழைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குதல், நம் பிள்ளைகளுக்குப் பள்ளிகளும் கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் அளித்தல், அரசுப் பணிகளில் இடம், பொதுக் கிணறு குளங்களைப் பயன்படுத்தும் உரிமை, சிறையில் சாதியைக் காட்டி இழிவான வேலைகளைச் சுமத்தும் விதியை நீக்குதல் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

சிறை பற்றிய கோரிக்கையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். சிறைக் கையேடுகளில் சாதி அடிப்படையில் வேலை பிரிக்கும் விதிகள் அரசமைப்புக்கு முரணானவை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 அக்டோபர் 3 அன்று. சுகன்யா சாந்தா என்னும் பெண் பத்திரிகையாளர் தொடுத்த வழக்கு அது. உதகையில் எழுந்த கோரிக்கைக்கும் தில்லியில் கிடைத்த தீர்ப்புக்கும் இடையே 132 ஆண்டுகளுக்கு மேல் கடந்துள்ளன.

மலையிலிருந்து இறங்கிய மைத்துனர்கள் இருவரும் வெவ்வேறு விடைகளைக் கண்டடைந்தனர். சீனிவாசன், எந்தப் பெயரைச் சொல்லி இழித்தார்களோ அந்தப் பெயரையே நிமிர்ந்து ஏற்க வேண்டும் என்று கருதினார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசரோ அப்பெயர் பகைவர் சூட்டியது என்றும், நாம் சாதிபேதமற்ற திராவிடர், பூர்வ பௌத்தர் என்றும் வாதிட்டார். 1898இல் இலங்கை சென்று சுமங்கல தேரரிடம் பௌத்த தீட்சை பெற்றார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். 1935இல் அம்பேத்கர் மதமாற்றத்தை அறிவித்தபோதும் சீனிவாசன், நாம் இந்து மதத்துக்குள்ளேயே இல்லாதவர்கள், பின் எதிலிருந்து வெளியேறுவது என்னும் நிலையிலேயே நின்றார்.

பறையர் என்னும் பெயரா, பௌத்தர் என்னும் பெயரா என்னும் இவ்விவாதத்தை நாம் ஆண் தலைவர் இருவரின் கருத்து மோதலாகவே படித்துவருகிறோம். தனலட்சுமியின் நிலையிலிருந்து பார்த்தால் அதே விவாதத்தின் இரு தரப்பும் அவருடைய பிறந்த வீடும் புகுந்த வீடும் ஆகும். அண்ணனின் இதழ் ஒரு பெயரைத் தாங்கி வருகிறது. கணவரின் இதழ் அப்பெயரை மறுக்கிறது. பிள்ளைகளுக்குத் தாய்மாமன் ஒருவர் என்றால் தந்தை மற்றொருவர். தலித் அரசியலின் மூலக் கேள்வி ஒரு வீட்டின் அன்றாடத்துக்குள்ளும் இருந்தது என்பதை அவருடைய இருப்பே நமக்கு உணர்த்துகிறது.

பிள்ளைகளின் பெயர்கள் சொல்லும் செய்தி

கடிதமோ நாட்குறிப்போ கைக்கு வராத ஒருவரின் வரலாற்றை எழுதுவதற்குச் சில வழிகள் உண்டு. அவற்றுள் ஒன்று பெயர்களை வாசிப்பது. அயோத்திதாசர், தனலட்சுமி இணையரின் மகன்கள் பட்டாபிராமன், மாதவராம், ஜானகிராமன், இராசாராம் என்று அறியப்படுகின்றனர். மகள்கள் அம்பிகாதேவி, மாயாதேவி.

பட்டாபிராமன் என்பதும் ஜானகிராமன் என்பதும் வைணவச் சூழலில் சூட்டப்படும் பெயர்கள். மாயாதேவி என்பது புத்தரின் தாயுடைய பெயர். அம்பிகையைப் பௌத்தத்தோடு இணைத்து அயோத்திதாசர் விளக்கியதை அவரைப் படித்தோர் அறிவர். ஆகவே இராமனில் தொடங்கி மாயாதேவியில் முடியும் இப்பெயர் வரிசை ஒரு குடும்பம் கடந்துவந்த சமய மாற்றத்தின் சுவடாகவே நிற்கிறது. 1898ஆம் ஆண்டின் தீட்சையை நாம் கொழும்புப் பயணமாக நினைவுகூர்கிறோம். அந்தத் தீட்சை ஒரு வீட்டின் சமையலறையை, நோன்பை, தாலாட்டை, பிறப்பு இறப்புச் சடங்குகளை மாற்றியிருக்குமல்லவா? பண்டிகையை விடுவதும் புதிய நாளைக் கொண்டாடுவதும் வீட்டுப் பெண்களின் உழைப்பின்றி நடப்பதில்லை.

‘தமிழன்’ இதழ் பெண்களுக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கியது. பெண்கல்வியையும் கைம்பெண் மறுமணத்தையும் ஆதரித்தது. 1914 மே 5 அன்று அயோத்திதாசர் மறைந்தபின் மகன் பட்டாபிராமன் சில காலம் இதழைத் தொடர்ந்து நடத்தினார். இதழின் வரலாற்றில் தந்தைக்கும் மகனுக்கும் இடம் உண்டு. அவ்விருவரையும் பேணிய தாய்க்கு அதில் இடமில்லை.

தனலட்சுமிக்கு முன்னர் அயோத்திதாசர் நீலகிரியில் தோடர் குலப் பெண் ஒருவரை மணந்திருந்தார் என்று சில வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. அக்குறிப்புகளில் அப்பெண் தம் குலத்தின் பெயராலேயே சுட்டப்படுகிறார். சாதி கடந்த, பழங்குடி எல்லை கடந்த ஒரு மணத்தை அயோத்திதாசரின் முற்போக்குக்குச் சான்றாக மேற்கோள் காட்டுவோர், அச்சான்றாக நிற்கும் பெண்ணுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

யாருக்குக் கல்லறை, யாருக்கு ஏடு?

உதகை புனித ஸ்டீபன் தேவாலயத்துக்குச் செல்வோர் அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் ஜான் சல்லிவனின் மனைவி ஹென்ரியட்டாவின் கல்லறையையும் அவர்களுடைய மகளின் கல்லறையையும் காணலாம். எச்.பி.கிரிக் 1880இல் தொகுத்த மாவட்டக் கையேட்டிலும், டபிள்யூ.பிரான்சிஸ் 1908இல் வெளியிட்ட கெசட்டியரிலும் ஆட்சியாளர், தோட்ட உரிமையாளர், மதகுருமார் ஆகியோரின் பெயர்கள் நிறைந்துள்ளன. உழைக்கும் மக்கள் அந்நூல்களில் தொகையாக வருகின்றனர். சாதிப்பெயராக வருகின்றனர். ‘கூலிகள்’ என்னும் பன்மைச் சொல்லாக வருகின்றனர்.

நம் இயக்க வரலாறும் இவ்வகையில் முற்றிலும் வேறுபட்டதென்று சொல்வதற்கில்லை. பதிவேட்டின் ஆற்றலை அயோத்திதாசரைப் போல் அறிந்தவர் எவருமிலர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாம் எப்பெயரால் குறிக்கப்பட வேண்டும் என்பதற்காகத் தொடர்ந்து வாதாடியவர் அவர். எனினும் நம் முன்னோடிகள் எழுதிய குடும்ப வரலாறு பாட்டனார், தகப்பனார், ஆசான் என்றே நீள்கிறது. சீனிவாசனின் துணைவியார் அரங்கநாயகியும் அவ்வாறே கணவரின் சரித்திரத்துக்குள் அடங்கியவர்.

விதிவிலக்காக நாம் அன்னை மீனாம்பாள் சிவராஜைச் சொல்லலாம். 1904இல் இரங்கூனில் பிறந்து, 1928இல் சைமன் குழுவை ஆதரித்து மேடையேறி, பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைமைப் பொறுப்புகளை வகித்தவர். அவர் பதிவானதற்குக் காரணம் பொதுமேடை. அப்போதும் அவருடைய குடும்ப வரலாறு கப்பல் வணிகர் மதுரைப் பிள்ளையின் பேத்தி, வாசுதேவப் பிள்ளையின் மகள், என்.சிவராஜின் மனைவி என்றே தொடங்குகிறது. மேடையேறாத பெண்ணின் கதி என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவிலிருந்து ஒரு பாடம்

பெயரற்றோரின் குடும்ப வரலாற்றை எழுத முடியுமா என்று ஐயுறுவோர்க்கு எலிசபெத் ஹெமிங்ஸின் கதை விடையளிக்கும். ஆங்கிலேயக் குடியேற்றமாக இருந்த வர்ஜீனியாவில் ஏறத்தாழ 1735இல் அடிமையாகப் பிறந்தவர் அவர். தாய் ஆப்பிரிக்கப் பெண். தந்தை ஹெமிங்ஸ் என்னும் ஆங்கிலேயக் கப்பல் தலைவர். எலிசபெத்தைத் தன் உடைமையாக வைத்திருந்த ஜான் வேல்ஸ் இறந்தபின், அவரும் அவருடைய பிள்ளைகளும் வேல்ஸின் மருமகன் தாமஸ் ஜெபர்சனின் சொத்தாயினர். பின்னாளில் அமெரிக்காவின் குடியரசுத் தலைவரான அதே ஜெபர்சன்தான். எலிசபெத்தின் மகள் சாலி ஹெமிங்ஸ் ஜெபர்சனின் பிள்ளைகளைப் பெற்றார். 1807இல் எலிசபெத் இறந்தார்.

தந்தை சுதந்திரமான ஆங்கிலேயராக இருந்தும் எலிசபெத் அடிமையாகப் பிறந்தது எவ்வாறு? வர்ஜீனியா சட்டமன்றம் 1662இல் இயற்றிய சட்டமே காரணம். பிறக்கும் பிள்ளை தாயின் நிலையையே அடையும் என்று அது விதித்தது. ஆங்கிலேயர் தம் நாட்டில் தந்தைவழியையே போற்றியவர்கள். அடிமைப் பெண்ணின் வயிற்றில் தமக்குப் பிறந்த பிள்ளைகளைச் சொத்தாக வைத்துக்கொள்ள வேண்டியபோது மட்டும் தாய்வழியைச் சட்டமாக்கினர்.

அக்குடும்பத்தின் வரலாறு நமக்குக் கிடைத்தது இரு வழிகளில். ஒன்று, சாலியின் மகன் மேடிசன் ஹெமிங்ஸ் 1873இல் ஓகியோவில் ஒரு செய்தித்தாளுக்குச் சொன்ன வாய்மொழி வரலாறு. மற்றொன்று, ஜெபர்சனின் பண்ணைக் கணக்கேடு. யாருக்கு எத்தனை முழம் துணி, எவ்வளவு தானியம் என்று ஆண்டை தன் கணக்குக்காக எழுதிய ஏட்டையே அடிமைகளின் குடும்ப மரமாக மாற்றிப் படித்தனர் வரலாற்றாசிரியர்கள். மேடிசனின் சொல்லை வெள்ளை வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் புறக்கணித்தனர். கறுப்பினச் சட்ட வரலாற்றாசிரியர் அனெட் கார்டன்ரீட் அதன் நம்பகத்தன்மையை நிறுவினார். 1998இல் வெளியான மரபணுச் சோதனை முடிவு அதற்கு வலுச்சேர்த்தது. ஹெமிங்ஸ் குடும்பத்தைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 2009இல் புலிட்சர் பரிசு பெற்றது.

அமெரிக்காவின் 1850, 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புகளில் அடிமைகள் பெரும்பாலும் பெயரின்றி, உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்றே குறிக்கப்பட்டனர். அடிமை முறை ஒழிந்தபின் வந்த 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் அவர்களுள் பெரும்பாலோர் பெயரோடு பதிவாயினர். அந்தச் சுவரைத் தாண்டிப் பின்னோக்கிச் செல்வதையே கறுப்பின மக்கள் ஓர் இயக்கமாக மாற்றிக்கொண்டனர்.

தாய்வழியை அழிக்கும் சட்டம்

நீலகிரிக்குத் திரும்புவோம். இன்று கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் வாழும் தோட்டத் தொழிலாளர் பலர் இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், ஒருவர் வம்சாவளிக் குடிமகனாக வேண்டுமெனில் அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்று விதித்தது. பிறப்புப் பதிவே அரிதாக இருந்த தோட்டங்களில் இதற்கு எவர் ஆவணம் காட்ட இயலும்? தாயும் தாயின் தாயும் அதே மண்ணில் பிறந்து, அதே மலையில் கொழுந்து பறித்திருந்தாலும் அது கணக்கில் வரவில்லை. இலட்சக்கணக்கானோர் நாடற்றோர் ஆயினர்.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மீதமிருந்த 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பங்கிடப்பட்டோரில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களுக்கு வேலையளிக்கும் நோக்கில் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது; அதுவே பின்னர் ‘டேன்டீ’ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று.

வர்ஜீனியாச் சட்டத்தையும் இலங்கைச் சட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். அங்கே அடிமைகளைப் பெருக்கத் தாய்வழி தேவைப்பட்டது. ஆகவே தந்தை மறைக்கப்பட்டார். இங்கே உழைத்தவரை வெளியேற்றத் தந்தைவழி போதுமானதாக இருந்தது. ஆகவே தாய் மறைக்கப்பட்டார். எந்த வழி தனக்கு ஆதாயமோ அந்த வழியையே அதிகாரம் சட்டமாக்குகிறது. வம்சாவளி இயற்கையாக அமைந்த ஒன்று என்றும், சட்டம் அதை வெறுமனே பதிவு செய்கிறது என்றும் நம்புவது பிழை.

இந்தியாவிலும் இக்கேள்வி முடியவில்லை. பட்டியல் சாதியினர் ஆணை வெளியிடப்பட்டது 1950 ஆகஸ்ட் 10 அன்று. அந்நாளில் குடும்பம் எங்கிருந்தது, பூர்வீக ஊர் எது என்னும் கேள்விகள் சான்றிதழ் கோரும் மலையக வழித்தோன்றல்களின் முன் வைக்கப்படுகின்றன. அப்பாவின் அப்பா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்பதற்குச் சான்றில்லாத குடும்பத்தின் பிள்ளைக்குக் கல்லூரி இடமும் உதவித்தொகையும் கேள்விக்குறியாகின்றன. நடைமுறையில் தந்தையின் சாதியே முதலில் நோக்கப்படுகிறது. எனினும் 2012 ஜனவரியில் ரமேஷ்பாய் தாபாய் நாய்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்தது. சாதி கடந்த மணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் சாதியே உரியது என்பது மாற்ற முடியாத முடிபாகாது. தாய் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்து, பிள்ளை அச்சமூகத்திலேயே வளர்ந்து, அதற்குரிய இழிவுகளையும் இன்னல்களையும் அடைந்திருந்தால் அதைச் சான்றுகளோடு நிறுவலாம் என்பதே அக்கருத்து. இதன் பொருளை நம் மாணவர்கள் உணர வேண்டும். தாயின் குடும்ப வரலாறு இனிச் சட்டத்தின் முன் நிற்கக்கூடிய சான்று. அதை எழுதி வைக்காதவர் அச்சான்றை இழக்கிறார்.

எங்கிருந்து தொடங்குவது?

முதலாவது, உயிரோடிருக்கும் மூத்த பெண்களின் நினைவு. தாயின் தாய் யார், அவர் எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த லயன், எந்தக் கங்காணியின் கீழ் வேலை செய்தார் என்று கேட்க வேண்டும். ஆண்டு தெரியாதெனில் புயல், பஞ்சம், தேர்தல், தலைவர் மறைவு ஆகிய நிகழ்ச்சிகளோடு இணைத்துக் கேட்டால் காலம் துலங்கும். மேடிசன் ஹெமிங்ஸின் வாய்மொழி எத்தனை ஆண்டுகள் கழித்து உண்மையென ஏற்கப்பட்டது என்பதை நினைவிற்கொண்டு, கேட்டதைக் கேட்டவாறே, தேதியிட்டு எழுதிவைக்க வேண்டும்.

இரண்டாவது, அதிகாரத்தின் ஏடுகளை நம் ஏடுகளாக மாற்றிப் படிப்பது. தோட்டத்தின் செக்ரோல், வருங்கால வைப்புநிதிக் கணக்கு, தோட்ட மருத்துவமனையின் பிறப்புப் பதிவு, தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கை ஏடு, தாயகம் திரும்பியோரின் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் ஆகியவற்றில் நம் பெண்களின் பெயர்கள் உள்ளன. இவற்றை எச்சரிக்கையோடும் படிக்க வேண்டும். இலங்கைத் தோட்டங்களில் மனைவியின் கூலியைக் கணவன் பெற்றுக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. உழைத்தது யார் என்பதும் கையொப்பமிட்டது யார் என்பதும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை.

மூன்றாவது, நம் இயக்க ஏடுகளை மறுவாசிப்புச் செய்வது. ‘தமிழன்’ போன்ற இதழ்களில் வந்த திருமண அறிவிப்பு, இரங்கற் குறிப்பு, நன்கொடைப் பட்டியல், வாசகர் கடிதம் ஆகியவற்றைத் தலையங்கங்களுக்கு நிகராக மதித்துப் படிக்க வேண்டும். தலைவர்களின் கருத்து தலையங்கத்தில் இருக்கும். அவர்களோடு வாழ்ந்தோரின் பெயர்கள் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும்.

நான்காவது, நாமே நம் குடும்ப மரத்தை வரையும் முறை. தந்தைவழிப் பெயர்களை மட்டும் அடுக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு தலைமுறையிலும் தாயின் பெயரையும் அவர் பிறந்த ஊரையும் செய்த வேலையையும் சேர்த்து எழுதுவோம். தூய வம்சத்தைத் தேடும் பார்ப்பனியக் குலவரலாற்றுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு இதில் வெளிப்பட வேண்டும். எந்த இரத்தம் என்பது நம் கேள்வியாகாது. எவர் உழைத்தார், எவர் பிழைக்க வைத்தார், எவர் எழுத்துக் கற்பித்தார் என்பவையே நம் கேள்விகள்.

உதகையில் 1891இல் கூடியவர்கள், நம்மை எவர் எப்பெயரால் அழைப்பது என்பதை நாமே முடிவு செய்வோம் என்று அரசுக்கு எழுதினர். அவ்வுரிமை நம் வீட்டுப் பெண்களுக்கும் உரியது. தனலட்சுமி அம்மையாரைப் பற்றி இனி எழுதுவோர், அவரை இரு தலைவர்களுக்கு இடையிலான உறவுமுறைக் குறிப்பாகச் சுருக்காமல், நீலகிரியில் கிளைத்த ஒரு குடும்பத்தின் நடுவில் நின்றவராக எழுத வேண்டும் என்று கோருகிறோம். நீலகிரி, கோவை, சென்னைக் கல்லூரிகளில் பயிலும் மாணவர்கள் தம் அடுத்த ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுவார்களாயின், தம் பாட்டியின் செக்ரோல் எண்ணிலிருந்து தொடங்கலாம்.